படிவத்தில் மட்டும் இருந்த மூத்தவள்

மாப்ளே,

இன்று காலை ஸ்டாஃப் ரூமுக்கு வருமான வரிப் படிவம் வந்தது. அதை நிரப்பித் தந்தால்தான் பிப்ரவரிச் சம்பளம், உனக்குத் தெரியாததா. வழக்கம்போல மகளின் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் நகலைப் பின்னால் வைத்துக் கொடுத்தேன். "புது வரி முறையில இதுக்குக் கழிவு இல்லீங்க சார்" என்று கிளார்க் அந்தத் தாளை மட்டும் உருவித் திருப்பித் தந்துவிட்டார். நியாயம்தான், அந்த முறையில் இந்த வருஷம் எனக்கு வரியே வரவில்லை. ஆனாலும் அந்த ஒற்றைத் தாளோடு நின்றபோது உன் நினைப்புத்தான் வந்தது.

வேப்பந்தட்டைக்கு நாம் வந்த நாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் எல்லார் படிவத்தையும் நீதான் போடுவாய். கூலி ஒரு டீ, இரண்டு வடை. திட்டிக்கொண்டேதான் போடுவாய். ஒரு பிப்ரவரியில் என்னைத் தனியாக இழுத்துப்போய், உனக்கு ஒரு பெண் இருக்கிறாளாமே, ஏன் எழுதவில்லை என்று கேட்டாய். செட்டிகுளம் கோயிலில் என் மனைவியோடு அவளை உன் மனைவி பார்த்துவிட்டாள். பத்து வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தும் உன்னிடம் நான் சொல்லாத விஷயம் அது. எனக்கு ஒரே பையன் என்று ஊரை நினைக்க விட்டிருந்தேன். பேச்சு வராத, தானாகச் சாப்பிடத் தெரியாத பதினான்கு வயதுப் பிள்ளையை வீட்டோடு வைத்திருந்தேன்.

எழுதினால் அவளுக்கு மாதாமாதம் வருகிற உதவித்தொகை நின்றுவிடும் என்றேன். அது வேறு ஆபீஸ், இது வேறு ஆபீஸ், நிற்காது என்றாய். வைத்தியச் செலவுக்கு ரசீது இல்லை என்றேன். சான்றிதழ் இருந்தால் போதும், ரசீது கேட்க மாட்டார்கள் என்றாய். சாக்கெல்லாம் தீர்ந்ததும் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"புள்ளையக் காட்டி காசு மிச்சம் புடிக்கச் சொல்றியா?"

"அவளுக்கு செலவு இருக்குன்னு கவர்மெண்டே ஒத்துக்குது மாப்ள. அப்பன் நீ ஒத்துக்க மாட்டேங்குற."

நான்கு நாள் உன் முகத்தில் முழிக்கவில்லை. ஐந்தாம் நாள் பீரோவைத் திறந்து சான்றிதழை எடுத்தால் அதன் கெடு முடிந்திருந்தது.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சான்றிதழ் முகாம் போட்ட அன்று, கூப்பிடாமலே வந்து எங்களோடு வரிசையில் நின்றாய். அவள் உன் பையிலிருந்த பேனாவைப் பிடுங்கி வெள்ளைச் சட்டையில் கோடு கோடாக இழுத்தாள். எனக்கு மானம் போயிற்று. நீயோ, இந்தப் பக்கமும் இழு தாயி என்று மறு தோளைக் காட்டினாய். வெளி ஆள் ஒருவரிடம் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். உன்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

படிவத்தில் அவள் பெயர் எழுத வேண்டிய இடம் வந்ததும் என்னையே எழுதச் சொன்னாய். எழுதினேன். உனக்கும் ஆபீசுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்கிற தைரியத்தில்தான் எழுதினேன். அது உனக்கும் தெரியும். ஆனால் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

போன ஐப்பசியில் நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டாய். அவளை வீட்டில் விட்டுவிட்டு வரலாம் என்றாள் என் மனைவி. எனக்கு மனசு கேட்கவில்லை. உன்னைக் கிடத்தியிருந்த இடத்துக்குக் கூட்டிவந்ததும் அவள் பெருங்குரலெடுத்து அழுதாள். அந்தச் சத்தத்தில் ஒப்பாரியே நின்றுபோனது. ஹெச்.எம். முதல் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பழைய ஆளாக இருந்தால் அவள் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போயிருப்பேன்.

"யாரு பெத்த புள்ளய்யா இது, இப்புடி அழுவுது?" என்றார் உன் பெரியம்மா.

"நான் பெத்த புள்ளங்க. எம் மூத்தவ."

அவள் அழுது ஓயும்வரை கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். இப்போது கேட்கிறவர்கள், கேட்காதவர்கள் எல்லாரிடமும் மூத்தவளைப் பற்றிச் சொல்கிறேன் மாப்ளே. முதல் தடவை சொன்னபோதுதான் நீ கேட்காமல் படுத்திருந்தாய்.