எங்கள் தெருவுக்கும் தண்ணீர் வந்துவிட்டது

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். நீங்கள் நலமாக இருப்பது போன வாரம் கடிதத்தோடு வந்த படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களின் முகாமில், நீங்கள் போட்ட குழாயடியில், ஒரு சின்னப் பெண் உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நம் மகள் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் எல்லோரிடமும் காட்டினாள். திரும்பி வந்து, நான் அப்பா விரலை இப்படிப் பிடித்திருக்கும் படம் இருக்கிறதா என்று கேட்டாள். பெட்டி முழுக்கத் தேடினேன். இல்லை.

சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு வயிறு எரிந்தது. வீடு வாசல் இழந்த குழந்தை மேல் பொறாமைப்படுகிறாயே, நீயும் ஒரு தாயா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திட்டியும் அடங்கவில்லை.

இதுவரை உங்களுக்கு எழுதாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் நம் தெருக் குழாயில் சாக்கடை கலந்து வந்தது. நாங்கள் கவனிப்பதற்குள் மகளுக்கு மஞ்சள் காமாலை. பதினோரு நாள் எழுந்திருக்கவில்லை. இப்போது ஓடியாடுகிறாள், பயப்படாதீர்கள்.

நானும் எதிர்வீட்டுத் தையல்கார அக்காவும் நகராட்சிக்கு நாலு முறை நடந்தோம். நாலாவது முறைதான் பொறியாளர் உட்காரச் சொன்னார். உங்கள் வீட்டுக்காரர் கடல் கடந்து போய்த் தண்ணீர் கொடுக்கிறாராமே, எவ்வளவு பெரிய மனசு என்றார். பெரிய மனசுதான் சார், எங்கள் தெருவுக்குத்தான் அதில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன். அக்கா என் கையைக் கிள்ளினாள். எனக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் ஆட்கள் வந்து தோண்டினார்கள். பழைய குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று அவர்களுக்கே தெரியவில்லை. அச்சகத்து முனையில் வளைகிறது என்று நீங்கள் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து, இடத்தைக் காட்டினேன். அங்கேதான் உடைந்து கிடந்தது. மூன்று நாள் பள்ளத்தை விட்டு நான் நகரவில்லை. நல்ல தண்ணீர் வந்ததும் தெருவே கூடிவிட்டது. என்ன சொன்னார்கள் தெரியுமா? குழாய்க்காரர் பெண்டாட்டி என்றால் சும்மாவா என்றார்கள். வெயிலில் காய்ந்தது நான், பேர் உங்களுக்கு! அன்றைக்கு உங்கள் மேலேயே பொறாமை வந்தது.

தெருக் குழுவுக்கு என்னைத் தலைவியாக இருக்கச் சொன்னார்கள். உங்களைக் கேட்காமலே சரி என்றுவிட்டேன். நீங்கள் புறப்பட்டபோது என்னைக் கேட்டீர்களா என்ன? அடுத்த வேலை பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டி. உள்ளே கை விட்டால் பாசிதான் வருகிறது.

இன்னும் ஆறு மாதம் இருக்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். மகள் படுத்திருந்த நாட்களில் அவள் தலைமாட்டில் நான் உட்கார்ந்திருந்ததைப் போல, அங்கே எத்தனை அம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள்? வாருங்கள் என்று எழுதக் கை வரவில்லை. இருங்கள் என்று எழுதவும் வரவில்லை. யோசித்து நீங்களே சொல்லுங்கள். எதுவானாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன், வந்தாலும் இரண்டு நாளில் சரியாகிவிடுவேன்.

அங்கே இருக்கிற எல்லோரும் நோய்நொடியில்லாமல் இருக்கட்டும். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். மகளுக்கு எழுதுவதை இனிமேல் தனித்தாளில் எழுதுங்கள். எனக்கென்று ஒரு பக்கம் வேண்டும். அதில் தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் இருப்பவள்