மாலதியின் ஏரித் தண்ணீர்

ஜூலை 18, வெள்ளி. திருப்பதி.

இன்று என் மனைவி மாலதிக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

பழவேற்காடு ஏரியில் மிதக்கும், கண்ணுக்குத் தெரியாத பிளாங்க்டன் உயிரிகள்தான் அவள் ஆராய்ச்சி. ஆராய்ச்சியின் கடைசி வருடத்தில் அவை குறைந்ததாக அவள் சொன்னதை, சோதனைக்குத் தண்ணீர் எடுத்ததில் நேர்ந்த பிழை என்றார் வெளியூர்த் தேர்வாளர். மாலதி பதறவில்லை. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் அடைபட்டுக் கடல்நீர் வராமல் போனதையும், அவற்றைத் தின்னும் மடவை மீன் அப்போதே குறைந்ததையும் படம் போட்டுக் காட்டினாள். அவர் படத்தைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். நான் எழுந்து கைதட்டிவிட்டேன். வேறு யாரும் தட்டவில்லை.

வெளியே வந்ததும், "இன்னாய்யா, மானத்த வாங்கிட்டியே!" என்று சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "ஆராய்ச்சிக் கப்பலுக்குக் கூப்புடுறாங்க. ரெண்டு மாசம் கடல்லயே இருக்கணும். பாப்பாவ வுட்டுட்டு எப்டி போறது?"

"நான் பாத்துக்கிறேன். நீ போய்ட்டு வா."

சொல்லிவிட்டேன். ஸ்ரீசிட்டித் தொழிற்சாலையில் எனக்கு நைட் ஷிப்ட் போட்டால் என்ன செய்வேனோ. அம்மா எங்கே என்று பாப்பா கேட்டால், கடல் மீனுக்கெல்லாம் சாப்பாடு இருக்கிறதா என்று பார்க்க அம்மா போயிருக்கிறாள் என்பேன். அதைச் சொல்லும்போது என் குரலில் பெருமை தெரியும்.