கண் இருந்த இடத்தில் குருவி

சன்னிவேல், அமெரிக்கா
12.5.1985

அன்புள்ள அண்ணிக்கு,

தர்மராசா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கடிதம் பதினெட்டு நாளில் வந்து சேர்ந்தது. பிள்ளைகளுக்கு அம்மை இறங்கியது அறிந்து ஆறுதல். இங்கே தவமலருக்கு ஏழாம் மாதம். கால் வீக்கத்தோடும் வேலைக்குப் போகிறாள். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை.

மாசியில் அண்ணாவை ஆமி பிடித்துக்கொண்டுபோன முகாமில் அவருடைய படம் கேட்கிறார்கள், படம் இல்லாமல் தேட மாட்டார்களாம் என்று எழுதியிருந்தீர்கள். கலவரத்தில் கொழும்பு வீட்டோடு கலியாண அல்பமும் எரிந்த பிறகு, தையில் நான் வந்தபோது முற்றத்தில் எடுத்த அந்த ஒரு படம்தான் மிச்சம். "ஏன் தம்பி இன்னும் அனுப்பேல்லை?" என்று கேட்டிருந்தீர்கள். பதில் எழுதப் பயந்து மூன்று கிழமை ஒளித்துத் திரிந்தேன்.

சமையலறை யன்னலுக்கு வெளியே ஒரு சிவப்புப் போத்தலில் சீனித் தண்ணீர் தொங்கவிட்டிருந்தேன். ஹம்மிங்பேர்ட் என்று பெருவிரல் அளவுக் குருவி அதைக் குடிக்க வரும். அந்தரத்தில் அசையாமல் நிற்கும், கமராவைத் தூக்குவதற்குள் போய்விடும். அதைப் படம் பிடிப்பதில் எனக்கு ஒரு பைத்தியம். ஊரில் எடுத்த பிலிமை நான் சுருட்டியபோது அதன் முனை முழுதும் உள்ளே போகாமல், எடுக்காத பிலிம் போல வெளியே நீட்டியபடி நின்றிருக்கிறது. புது ரோல் என்று நினைத்து அதையே மறுபடி போட்டு, முப்பத்தாறு தரம் குருவியை எடுத்துவிட்டேன். அண்ணாவின் மேலேயே எடுத்துவிட்டேன், அண்ணி. பிடித்த செய்தி வந்த பிறகுதான் கழுவக் கொடுத்தேன்.

ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது. சட்டையும் வாயும் தெரிகின்றன. நெற்றிக்குள்ளால் போத்தல் தெரிகிறது. இடது கண் இருந்த இடத்தில் குருவி நிற்கிறது. அன்றே போத்தலைக் கழற்றிவிட்டேன். ஆனாலும் அது தினமும் வந்து, போத்தல் தொங்கிய இடத்தில் வெறுங்காற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. தவமலர் யன்னலுக்குச் சீலை போட்டுவிட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

இங்கே ஸ்டூடியோவில் ஒருவர் தூரிகையால் குருவியை மறைத்துக் கண்ணை எழுதித் தருவதாகச் சொல்கிறார். மற்றக் கண்ணைப் பார்த்து எழுத முடியாதா என்று கேட்டேன். இரண்டு கண்ணும் ஒருபோதும் ஒன்றுபோல் இராது, தெரிந்தவர் சொல்லவேண்டும் என்றார். அண்ணாவின் இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டல்லவா? அது நடுவிலா, ஓரத்திலா? அவரோடு ஒரே பாயில் பதினாறு வருடம் படுத்தவன் நான். எனக்கு நினைவு வரவில்லை. யோசித்தால் குருவிதான் வருகிறது.

என்னைத் திட்டி எழுதுங்கள். ஆனால் இதையும் எழுதுங்கள்: தழும்பு எங்கே, இமை எவ்வளவு தாழ்ந்திருக்கும், உங்களைப் பார்க்கும்போது அந்தக் கண் எப்படி இருக்கும். நீங்கள் சொல்லும்படியே எழுதச் சொல்கிறேன். அண்ணா வந்து என் காதைப் பிடித்துத் திருகவேண்டும் என்றுதான் தினமும் கும்பிடுகிறேன்.

இந்தப் படத்தை அம்மாவிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள். பார்த்தால் படத்துக்கு விளக்கேற்றி வைத்துவிடுவார்.

உங்கள் தம்பி,
தர்மராசா