பாதி சோப்பு

மகராசியா இருக்கணும் பொஞ்சாதி, நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா?

பயப்படாத. கட்டடத்துல சாரம் சரிஞ்சு கூட வேலை பாத்த கூட்டாளி விழுந்ததுலேருந்து, சத்தம் கேட்டா நான் எங்கயோ போயிடறேன். கண்ணு மட்டும் தொறந்திருக்காம். மேஸ்திரி ஒரு மனசு டாக்டரம்மாகிட்ட அனுப்பினாரு. அங்க சுவர்க் கடிகாரமே ஓடல, என்னை எங்க ஓட்டப்போறாங்க? வேலையவிட்டு ஊருக்கு அனுப்பத்தான் இந்தச் சாக்குன்னு நெனச்சு, கேட்டதுக்கெல்லாம் "நல்லாருக்கேன்"னேன்.

நேத்து அங்கயே கதவு படார்னு சாத்திக்கிச்சு, நான் போயிட்டேன். அப்புறம் தூரத்துல டாக்டரம்மா குரல்: "அண்ணே, கால தரையில அழுத்துங்க. நாற்காலியிலதான் இருக்கீங்க. வீட்டு வாசனை ஒண்ணு சொல்லுங்க."

நம்ம சோப்புன்னேன். அத வரவழைச்சு சட்டைப்பையில வச்சுக்கணுமாம், சத்தம் கேட்டா மோந்து பாக்கணுமாம். இதுல என்ன சூதோ, இன்னும் நம்பல.

லாரி வந்துருச்சு, ஏறணும். புதுசு வேண்டாம், நீ தேய்ச்சுப் பாதியானதே அனுப்பு.