அப்பாவின் குழாயை எடுக்கச் சொன்னது நான்தான்

பிடோக்
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகன் செலஸ்டினுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகள் பவித்ராவும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க மாதாவிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் இந்தத் தடவை கை வரவில்லை. நான் கூப்பிட்டாலும் நீ போனை எடுப்பதில்லை, உன் அக்கா டானியலா கூப்பிட்டாலும் எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன், இதை அவளே படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். அப்பாவைப் பட்டினி போட அவள் ஒத்துக்கொண்டாள் என்று அவளிடமே சொன்னாயாமே. அவள் வேலையிலிருந்து வந்து முகத்தைக் கழுவிக்கொண்டுதான் என் முன்னால் வருகிறாள், கழுவினாலும் தெரிகிறது. நடந்ததை நான் சொல்கிறேன், கேள்.

பக்கவாதம் வந்ததில் அப்பாவுக்கு வலது பக்கம் மட்டும் போகவில்லை, விழுங்குவதும் போய்விட்டது. குடிக்கிற தண்ணீர் நுரையீரலுக்குப் போகிறது என்று ஆஸ்பத்திரியில் அதைச் சோதிக்கிற ரஷீதா என்ற பெண் சொன்னாள். மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பால் விட்டார்கள். அப்பா இடது கையால் அதைப் பிடுங்கினார், மறுபடி போட்டார்கள், மறுபடி பிடுங்கினார், கடைசியில் அந்தக் கைக்குப் பஞ்சு வைத்த பெரிய உறையை மாட்டிக் கட்டிவிட்டார்கள். நான் என்ன செய்ய, பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வேன், அவர் அந்த உறையைக் கட்டில் கம்பியில் தேய்த்துக்கொண்டே இருப்பார்.

அவர் எப்படிப்பட்ட மனுஷர் என்று உனக்குத் தெரியும். நம் மண்டாய் தோட்ட நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, தான் கன்றாக நட்ட ரம்புத்தான் பழமரங்களை இயந்திரம் சாய்ப்பதை நின்று பார்த்துவிட்டு வந்து, பூசைக்கு நேரமாச்சு கிளம்பு என்றவர். அதன் பிறகு லிம் சூ காங்கில் நிலம் குத்தகைக்கு எடுத்துத் திரும்பவும் கன்றிலிருந்து ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை பழம் பறிக்க மாட்டார். ஒரு தடவை மழை வருகிறது, பழம் வெடித்துவிடும் என்று தேக்கா சந்தைப் பழக்கடைக்காரர் முத்தையா லாரியோடு வந்து நின்றுகொண்டு, ஒரு நாளைக்கு உங்க சாமி ஒண்ணும் சொல்லாது லா என்றார். சாமி சொல்லாது முத்தையா, ஆனா பிள்ளைங்களோட நான் இருக்கிறது இந்த ஒரு நாள்தான் என்று லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு, உங்கள் இரண்டு பேரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். பாதிப் பழம் தரையில் கிடந்தது. எண்பத்தாறு வயது வரைக்கும் தண்ணீர் மொண்டு தா என்று என்னைக்கூடக் கேட்டதில்லை.

டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார், குழாய் இருந்தால் இன்னும் கொஞ்ச காலம் இருப்பார், உறையும் இருக்கும், வேண்டாமென்றால் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கரண்டியால் பார்த்துப் பார்த்துக் கொடுக்கலாம், ஆனால் எந்த வாய் புரை ஏறும் என்று சொல்ல முடியாது என்று. டானியலா அழுதாள். நீ போனில், குழாயை எடுக்காதீங்கம்மா, டிசம்பர்ல நான் வர்ற வரைக்கும் வைங்க என்றாய். மகன் அப்படித்தான் சொல்வான், தப்பில்லை. நான் அப்பாவிடமே போய்க் கேட்டேன். கோணிய வாயால், வேணாம், வீடு என்றார். எடுத்துவிடுங்கள் என்று டாக்டரிடம் சொன்னது நான்தான், உன் அக்கா இல்லை. அப்பா முழுக்கப் புரிந்துதான் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அதை இனி யாரிடம் போய்க் கேட்பேன்.

வீட்டுக்கு வந்ததும் பப்பாளி கேட்டார். மசித்து, ரஷீதா தந்த மாவைக் கலந்து கெட்டியாக்கி, கரண்டி நுனியில் கொடுத்தேன். கண்ணை மூடி நாக்கிலேயே வைத்திருந்து விழுங்கிவிட்டு, இன்னும் ரெண்டு நாள் மரத்துல விட்டிருக்கணும் என்றார், அவ்வளவும் தெளிவாக வந்தது. அடுத்த வாயில் இருமல் பிடித்து முகமெல்லாம் நீலமாகிவிட்டது. அன்றிலிருந்து கொடுத்தால் புரை ஏறுகிறது, கொடுக்காவிட்டால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறார். ஃபாதர் ஆர்னால்ட் வந்து நற்கருணையில் ஒரு துணுக்கைக் கிள்ளிக் அந்த மாவு கலந்த கெட்டித் தண்ணீரில் வைத்துக் கொடுத்தார், அது இறங்கும் வரை நானும் டானியலாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். போன வாரம் காய்ச்சல் வந்தது, அதோடு இருந்த கொஞ்சப் பேச்சும் நின்றுவிட்டது, இப்போது நெஞ்சில் கரகரவென்று சத்தம். வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ், கிறிஸ்மஸ் வரைக்கும் எதிர்பார்க்காதீங்க ஆன்ட்டி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உனக்கு லீவு கிடைக்குமோ கிடைக்காதோ, வா என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை, வராதே என்று சொல்லவும் மனசு வரவில்லை. கோபமிருந்தால் என் மேல் வை, அக்காவோடு பேசு, எங்களுக்குப் பிறகு உங்களுக்கு நீங்கள்தான். நாளைக்குக் கூப்பிடுவேன், எடு. அப்பாவால் பதில் சொல்ல முடியாது, ஆனால் காது நன்றாகக் கேட்கிறது. போனை அவர் காதில் வைத்துவிட்டு நான் சமையலறைக்குப் போய்விடுவேன், நீ என்ன பேசினாய் என்று கேட்க மாட்டேன்.

ஆண்டவர் உன்னையும் பவித்ராவையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. ராத்திரி ஜெபத்தை விட்டுவிடாதே, சாப்பிடாமல் படுக்காதே.

உன் அம்மா
அல்போன்சம்மாள் ஆம்ப்ரோஸ்

கீழே கோணலாக இருக்கிற சிலுவை அப்பா உனக்குப் போட்டது. தாளைத்தான் நான் பிடித்துக்கொண்டேன், அவர் கையைப் பிடிக்கவில்லை.