நரியங்குளத்து நீலக் கோடு

அக்டோபர் 9, திங்கள்

காலையில் தூறல். பள்ளி போகும்போது வெயில். திரும்பும்போது மறுபடி தூறல். குடை வீட்டில்.

காலாண்டு விடைத்தாள் கொடுத்தார்கள். விஞ்ஞானம் 84. திரவம் எங்கும் ஒரே மட்டத்தில் நிற்கும் என்ற கேள்விக்கு முழு மார்க், படம் உள்பட. கணக்கு 61. அப்பாவிடம் இரண்டையும் சேர்த்தே நீட்ட வேண்டும்.

நகராட்சி சித்திரப் போட்டி அறிவிப்பு. தலைப்பு: நாளைய நமது நகரம். நரியங்குளத்தைத் தூர்த்து அதன்மேல் புது பஸ் ஸ்டாண்ட் கட்டப் போகிறார்கள். அதற்குத்தான் இந்தப் போட்டி. 20ந் தேதி நகரசபையில் தீர்மானம். அன்றே பரிசு.

செல்வி மதியம் டப்பாவைத் திறக்கவே இல்லை. கேட்டால், "குளத்தைத் தூத்துட்டா எங்க தெரு என்னாவும்டி?"

அவள் வீடு குளக்கரைத் தெருவில். போன கார்த்திகை வெள்ளத்தில் சுவர் கரைந்து, மூன்று நாள் எங்கள் பள்ளி வராந்தாவில் கிடந்தார்கள். குளம் இருந்தும் அப்படி. அது கொள்கிற தண்ணீர் இனி எங்கே போகும்? யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

அந்தத் தெருவில் பாதிப்பேர் நன்னிலம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அறுப்புக்குக் கூலி கூடக் கேட்டதற்கு, என் மனையிலிருந்து குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்றாராம் மிராசுதார். செல்விக்கு அப்போது ஏழு வயது. பாத்திரத்தோடு பூனையையும் தூக்கி வந்தாளாம். குளத்துப் புறம்போக்கில் குடிசை. பட்டா இன்னும் இல்லை.

நூலகப் புத்தகம் திருப்ப வேண்டும். இரண்டு நாள் தாமதம்.

அக். 11, புதன்

வரைந்தே விட்டேன். குளக்கரைத் தெரு முழுக்கத் தண்ணீர், கூரைமேல் ஒரு ஆடு.

டிராயிங் மிஸ் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. பஸ் ஸ்டாண்ட் எங்கே?"

"தண்ணிக்குள்ள இருக்கு மிஸ்."

வகுப்பே சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. "தலைப்பு நாளைய நகரம். நீ வரைஞ்சிருக்கறது போன வருஷத்து நகரம். வேற குடு."

வீட்டில் சித்தப்பாவிடம் காட்டினேன். சித்தப்பாதான் 'எழில் ஆர்ட்ஸ்'. முதலாளி, தொழிலாளி எல்லாம் அவரே. காலையில் ஆளுங்கட்சிக்குச் சுவர் எழுதுவார், சாயங்காலம் எதிர்க்கட்சிக்கு. இரண்டின் கீழும் தன் பெயரைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டுக்கொள்வார். அப்பா அதைச் சுவரைப் பாழ் பண்ணுகிற வேலை என்பார்.

"ஆடு பிரமாதம் தேனு. ஆனா இதை யாரு பாப்பா? ஜட்ஜுங்க மூணு பேரு. சுவத்துல போட்டா சந்தைக்கு வர்றவன் பூரா பாப்பான்."

படம்கூட வேண்டாம் சித்தப்பா, தண்ணீர் எதுவரை வந்தது என்று ஒரு கோடு போதும், ஊர் முழுக்க ஒரே கோடு என்றேன்.

"கோடு போடறதுக்கு ஆர்ட்டிஸ்ட் எதுக்கு?" கோபித்துக்கொண்டு போய்விட்டார். சாப்பிடும்போது தானாகவே, "என்ன கலர்?"

நீலம். சுண்ணாம்பில் துணி நீலத்தைக் கலந்து, ஒட்டுவதற்கு வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஊற்ற வேண்டுமாம். அம்மாவுக்கு அந்த நாற்றம் ஆகாது.

அப்பா வந்ததும் பேச்சு நின்றது. அப்பா நகராட்சியில் வரைபடம் போடுகிறவர். பஸ் ஸ்டாண்ட் பிளான் அவர் கையில்தான். வேலை முடியாமல் வீட்டுக்கும் எடுத்து வருகிறார். எட்டிப் பார்த்தேன். குளம் இருக்கிற இடத்தில் புள்ளிக்கோடு. எடுத்துவிடப் போகிறதைப் புள்ளியில்தான் காட்டுவார்களாம்.

கணக்கு நோட்டில் ரப்பர் போட்டதற்குத் திட்டு. "அழிக்காதே. எங்க அளவுப் புத்தகத்துல அழிச்சா வேலை போயிடும். தப்புன்னா ஒரே ஒரு கோடு போட்டு அடி. சரியானதைப் பக்கத்துல எழுது. சுருக்கொப்பம் வை, தேதி போடு." பக்கம் கிழித்திருந்தால் புத்தகமே செல்லாதாம். சரிபார்க்கிறவர் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒப்பம் வைப்பாராம். 61 மார்க்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தேன்.

அக். 14, சனி

வெயில். நானும் செல்வியும் இந்த நோட்டோடு வீடு வீடாக. போன வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை?

செல்வியின் அம்மா: "என் இடுப்புக்கு."

மாரிமுத்து, வண்டிக்காரர்: "மாட்டு வயிறு நனைஞ்சுது. அதுக்கு மேல அதுவே நிக்கல."

ரஹீம் பாய், கடைத்தெரு மளிகை: "அடி மூட்டை பூரா சர்க்கரைம்மா. பாகாப் போச்சு. ஒரு வாரம் எறும்புதான் என் கஸ்டமர்."

செல்வி வீட்டில் தண்ணீர் குடித்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

அக். 15, ஞாயிறு

அவமானம்.

முதலில் சுவர்ச் சண்டை. எந்தச் சுவரிலும் வெள்ளையடித்து, அடுத்த தேர்தல்வரை எங்களுக்கு என்று ஏதாவது ஒரு கட்சி எழுதி வைத்திருக்கிறது. அதன்மேல் ஒரு கோடு இழுத்தால் கைகலப்பு வரும். சித்தப்பா எதிர்க்கட்சிக்காரரிடம் போய், ஆளுங்கட்சி சம்மதித்துவிட்டது என்றார். ஆளுங்கட்சிக்காரரிடம் போய் அப்படியே திருப்பிச் சொன்னார்.

"அவன் சுவத்துல போட்டியா?"

"போட்டாச்சுண்ணே."

"அப்ப நம்ம சுவத்துலயும் போடு. ஒரு இஞ்ச் கூடப் போடு."

சொன்ன இடத்தில் சொன்ன உயரத்தில் கோடு. இடுப்பு, மாட்டு வயிறு, சர்க்கரை மூட்டை. போட்டு முடித்துத் தெருக்கோடியில் நின்று பார்த்தால் கோடு ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது.

டீக்கடையில் ஒருவர்: "ஏம்பா, தண்ணி என்ன மாடிப்படி ஏறிப் போச்சா?"

சிரிப்பு அடங்கவே இல்லை. சித்தப்பா அவசரமாகத் தன் பெயரை மட்டும் அழித்தார்.

திரவம் எங்கும் ஒரே மட்டத்தில் நிற்கும். பரீட்சையில் எழுதினேன், படம் போட்டேன். தெருவுக்கு வந்ததும் மறந்துவிட்டேன்.

செல்வியின் அம்மா கட்டட வேலையில் சித்தாள். வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். "வூடு கட்டறப்ப இடுப்பாலயா பாப்பா அளக்கறோம்? மேஸ்திரிகிட்ட டியூப்பு கேட்டு வாங்கியாறேன்."

அக். 17, செவ்வாய்

பள்ளி அரை நாள். குறுவை அறுப்புக் கூலிக்காகச் செங்கொடி ஊர்வலம், மன்னார்குடி ரோட்டில் பஸ் இல்லை. எங்களுக்கு வசதி. கடைத்தெருவே காலி. ஞாயிற்றுக்கிழமைக் கோடுகளைச் சித்தப்பா நேற்றே சுண்ணாம்படித்து மறைத்துவிட்டார்.

டியூப் என்றால் நீள ரப்பர் குழாய், இரண்டு முனையிலும் கண்ணாடி. உள்ளே தண்ணீர். ஒரு முனையை ஒரு சுவரில் பிடித்தால், அடுத்த சுவரில் அதே மட்டத்தைத் தண்ணீரே காட்டும். நடுவில் எவ்வளவு மேடு பள்ளம் இருந்தாலும் சரி. ரேஷன் கடைச் சுவரில் போன வருஷத்துச் சேற்றுக் கறை இன்னும் அழியவில்லை. அங்கே ஆரம்பித்தோம். ஒரு முனை செல்வியின் அம்மா, மறுமுனை செல்வி, பின்னால் தூரிகையோடு சித்தப்பா. அளந்து எழுதுவது நான்.

"குழாயைத் தட்டி விடு செல்வி. குமிழி இருந்தா டியூப்பு பொய் சொல்லும்."

தரையிலிருந்து கோட்டின் உயரம்:

ரேஷன் கடை, கறை: 2 அடி 1 அங்குலம்

செல்வி வீடு: 3 அடி 10

மாரிமுத்து கொட்டகை: 3 அடி 2 (மாடு சொன்னது சரி)

எங்கள் பள்ளி கேட்: 1 அடி 5

ரஹீம் பாய் கடை: 11 அங்குலம்

நகராட்சி அலுவலகம்: கோடு படியில் விழுகிறது. உள்தரை கோட்டுக்கு மேலே 7 அங்குலம்தான்.

கடைசி அளவை நிதானமாக எடுக்க முடியவில்லை. வாட்ச்மேன் விரட்டினார். படியில் ஒரு நீலப் புள்ளி மட்டும் வைத்துவிட்டு ஓடி வந்தோம்.

நிமிர்ந்து பார்த்தேன். ஒரே கோடு. குளத்திலிருந்து கடைத்தெருவரை நேராக, எல்லாக் கட்சிப் பெயர்களையும் ஊடறுத்துக்கொண்டு. தெருதான் அதற்குக் கீழே ஏறி இறங்குகிறது. செல்வி தன் வீட்டுக் கோட்டின் பக்கத்தில் நின்று பார்த்தாள். மார்புக்கு வந்தது.

ரஹீம் பாய் கடையில் கேட்டது. ஒருவர்: "குளம் இருந்தப்பவே இம்புட்டு." பாய்: "அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

அக். 18, புதன்

மழை இல்லை, புழுக்கம். வீட்டிலும்.

நகராட்சி சேர்மன் கோட்டைப் பார்த்துவிட்டாராம். ஆபீசில் அப்பாவைக் கூப்பிட்டு, "தம்பி கோடு போடறாரு, பொண்ணு கணக்கு எழுதுது. நீங்களும் செங்கொடியில சேந்துட்டீங்களா?" என்று கேட்டாராம்.

அப்பா சித்தப்பாவிடம்: "நாளைக்குள்ள வெள்ளையடிச்சு மறைச்சுடு."

"நீ பிளான்ல மறைக்கலாம். சுவத்துல நான் மாட்டேன்."

அம்மா இருவருக்கும் நடுவில் சாதம் போட்டாள். நான் கேட்டேன்: "குளத்துத் தண்ணி எங்கப்பா போகும்?"

அப்பா கை கழுவிவிட்டுப் போய்ப் பிளான் வரைகிற துணிமேல் பேனாவை வைத்தார்.

அப்பாவுக்குத் தெரியும். ஊரில் வேறு யாரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்தும் புள்ளிக்கோடு போடுகிறார். என் அப்பா கோழை.

அக். 19, வியாழன்

எழுந்தபோது அப்பா இல்லை. காபி நேரத்துக்கு வந்தார். வேட்டிக் கரையெல்லாம் சேறு, கட்டைவிரலில் நீலம். மசியாக இருக்கும். நான் பேசவில்லை.

சாயங்காலம் நகராட்சி ஆட்கள் சுண்ணாம்பு வாளியோடு வந்தார்கள், கோட்டை மறைக்க. பள்ளி கேட்டில் மறைத்துவிட்டார்கள். அடுத்த சுவர் ஆளுங்கட்சியுடையது. வாளியைக் கண்டதும் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"எங்க சுவத்துல கை வைக்க நீ யாரு?"

"கோட்டை மட்டும்தாண்ணே."

"கோடும் எங்க சுவத்துலதானய்யா இருக்கு!"

எதிர்க்கட்சிச் சுவரிலும் அதே கதை. ரஹீம் பாய் தன் சுவருக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். "அந்தக் கோட்டுக்கு மேலதான் இனிமே பலகை அடிக்கப் போறேன். அழிச்சா அளவுக்கு உங்க வீட்டுக்கா வர்றது?"

வாளி திரும்பிப் போனது. சித்தப்பா ஆனந்தத்தில் இரண்டு டீ குடித்தார்.

கூட்டம் நாளை பதினொரு மணிக்கு. செல்வி நாளைக்குப் பள்ளிக்கு வரமாட்டாளாம். தெருவே போய் நகராட்சி வாசலில் நிற்கப் போகிறதாம்.

அக். 20, வெள்ளி, காலை

அவசரமாக எழுதுகிறேன். அப்பா முகம் துடைத்துக்கொண்டே, "தேனு, அளந்ததை எழுதினியே, அந்த நோட்டு வேணும்" என்றார்.

எதற்கு என்றேன்.

"கோடு எப்படி வந்துச்சுன்னு இன்ஜினியர் கேப்பாரு. யார் சொன்னது, என்னைக்கு அளந்தது, எங்க ஆரம்பிச்சது. வாய்ல சொன்னா எடுபடாது."

ஒரு தாளில் அழகாக எழுதித் தருகிறேன் என்றேன்.

"நகல் வேண்டாம். அளந்த அன்னைக்கு எழுதினதுதான் வேணும்."

அப்பா எங்கள் பக்கமா? எப்போதிலிருந்து?

அளவும் இதில்தான், மற்றதும் இதில்தான். 18ந் தேதிப் பக்கத்தைக் கிழிக்கலாம். கிழித்தால் செல்லாது. மசியைக் கொட்டலாம். கொட்டினால் பின்பக்கம் 17ந் தேதி, செல்வி வீடு 3 அடி 10.

அப்பா செருப்பு மாட்டியாயிற்று. கூப்பிடுகிறார்.

படித்தால் படிக்கட்டும்.

அக். 21, சனி

நல்ல மழை. நோட்டு திரும்ப வந்தது, அரிசி டப்பாமேல் இருந்தது.

கூட்டத்தில் நடந்தது, சித்தப்பா சொன்னபடி: இன்ஜினியர், "ஸ்கூல் பொண்ணு டைரியை வச்சா தீர்மானம் போடறது?" அப்பா எழுந்து, "யார் எழுதினதுன்னு பாக்காதீங்க சார். அளவு சரியான்னு பாருங்க." சேர்மன் வாங்கிச் சத்தமாகவே வாசித்தாராம். மாட்டு வயிறு, சர்க்கரைப் பாகு. சபையே சிரிப்பு. அப்புறம் நகராட்சி அலுவலகம் வந்ததும் நிறுத்தினாராம்.

"என் ரூமுக்கும் இதே தரைதானே?"

"ஆமாங்க."

"குளத்தைத் தூத்துட்டா?"

எல்லாரும் தரையைப் பார்த்தார்களாம்.

முடிவு: ஊர் முழுக்க மட்டம் பார்க்கும்வரை குளத்தைத் தொடுவதில்லை. பஸ் ஸ்டாண்டுக்குச் சந்தைத் திடலைப் பார்ப்பது. இனி எந்தக் கட்டடமானாலும் நீலக் கோட்டுக்கு ஓர் அடி மேலேதான் தரை. தீர்மானத்தில் அப்படியே 'நீலக் கோடு' என்றுதான் எழுதியிருக்கிறதாம். சித்தப்பா அதை நாலு தடவை சொல்லிவிட்டார். செல்வி தெருப் பட்டாவைப் பற்றிப் பேச்சே இல்லை. சித்திரப் போட்டியில் முதல் பரிசு, பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஆகாய விமானம் பறக்கிற படம்.

அப்பாவுக்குத் திங்கள் முதல் பிறப்பு இறப்புப் பதிவில் வேலை. பிளான் வேலை வேறு ஒருவருக்கு. அம்மா கேட்டதற்கு, "உக்காந்து எழுதற வேலைதான். இதுவும் அதுவும் ஒண்ணுதான்" என்றார். ஒன்றல்ல. பேனாக்களை எல்லாம் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டார்.

இப்போதுதான் நோட்டைத் திறந்தேன்.

17ந் தேதிப் பக்கம். 7 அங்குலத்தின் மேல் பென்சிலில் ஒரே ஒரு கோடு. பக்கத்தில் 4. ஓரத்தில் அப்பாவின் சின்ன எழுத்து: "குழாயில் குமிழி. அஞ்சலை அம்மாளுடன் மறு அளவு, 19ந் தேதி விடியலில்." கீழே சுருக்கொப்பம்.

செல்வியின் அம்மாவை 'அம்மாள்' என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. நானே பெயரை எழுதவில்லை.

19ந் தேதி விடியல். அந்தக் கட்டைவிரல் நீலம்.

9ந் தேதியிலிருந்து எல்லாப் பக்கத்தின் அடியிலும் அதே ஒப்பம். ஆட்டைப் பற்றி எழுதிய பக்கத்தில், செல்வி வீட்டில் தண்ணீர் குடித்த பக்கத்தில். 18ந் தேதியின் அடியிலும். அங்கே அடித்தல் இல்லை, திருத்தம் இல்லை. சரிபார்த்ததற்கு ஒப்பம் மட்டும்.

பேனா எடுத்து அந்தப் பக்கத்தின் கடைசி வார்த்தையின் மேல் ஒரே ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இடம் விட்டிருக்கிறேன். சுருக்கொப்பம், தேதி.