நம்மவர் முன்னால் இங்கிலீஷ்

வெள்ளிக்கிழமை, இரவு

எங்கள் விசைத்தறித் துண்டுகளை வாங்கும் சூரத் வியாபாரியிடம் நான்தான் போனில் இங்கிலீஷ் பேசுகிறேன். "கிளாத் ரெடி சார், டுமாரோ லாரி கோயிங்" என்பேன். அவருடைய இங்கிலீஷும் அப்படித்தான். இருவருக்கும் நன்றாகப் புரியும்.

இன்று காலை அவர் கூப்பிட்டபோது, சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கொழுந்தன் பக்கத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை. ஆனாலும் எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. தீபாவளி ஆர்டர் போய்விடுமோ என்று பயந்து, போனோடு தறிக்கூடத்துப் பின்பக்கம் ஓடிப்போய்ப் பேசி முடித்தேன்.

திரும்பி வந்ததும் கேட்டான்: "ஏன் மதினி எந்திச்சு ஓடுனீங்க?"

"நீ இருந்தா எனக்கு நாக்கு புரள மாட்டேங்கு தம்பி."

இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னான்:

"எனக்கும் அப்படித்தான் மதினி. வெள்ளைக்காரன்கிட்ட நல்லாப் பேசுதேன். மீட்டிங்ல நம்மாளு ஒருத்தன் வந்து உக்காந்தா வாயே தொறக்க மாட்டேன். அதனாலதான் பிரமோஷன் தள்ளிப் போவுது. அண்ணன்கிட்ட சொல்லிராதீங்க."

அவனா இப்படி என்று இன்னும் நம்ப முடியவில்லை.

சாயங்காலம் வியாபாரி மறுபடி கூப்பிட்டார். அவனும் பக்கத்தில்தான் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போக நினைத்தேன், போகவில்லை. தப்பும் தவறுமாக, வழக்கத்தைவிடச் சத்தமாகவே பேசினேன். அவன் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தான்.